கதவாகுமா கரும்புச் சக்கை?

மரமே இல்லாமல் பலகை செய்யலாம் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த சேதி. இருந்தும் நம் வீட்டு அலமாரிக்குள் இருப்பது மரத்துகள்தான். குறுக்கே நிற்பது எது?

ஒரு டன் கரும்பு ஆலைக்குள் போனால் சுமார் 100 கிலோ சர்க்கரை மூட்டையாகிறது. அதே கரும்பிலிருந்து 280 முதல் 300 கிலோ வரை சக்கை வெளியே விழுகிறது. எடையைப் பார்த்துப் பெயர் வைப்பதானால், சர்க்கரை ஆலைகளைச் சக்கை ஆலைகள் என்றுதான் சொல்ல வேண்டும். நெல் அரவையில் 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமி. பருத்தி எடுத்து முடித்த காட்டில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 டன் வரை பருத்திமார் நிற்கிறது. தேங்காய் மட்டையை அடித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நார், மிச்சமெல்லாம் நார்க்கழிவு.

இன்னொரு பக்கம் ஃபர்னிச்சர் கடைகளைப் பாருங்கள். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், கம்ப்யூட்டர் மேசை, டி.வி. ஸ்டாண்டு என்று மேலே பளபளக்கும் தாளை உரித்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் துகள் பலகை. கார்பென்டர்கள் ‘பார்ட்டிகிள் போர்டு’ என்பது இதைத்தான். தைலமரம், பாப்லர், ரப்பர் மரம், மலைவேம்பு போன்றவற்றின் சிம்புகளையும் சீவல்களையும் பசையில் கலந்து, சூட்டில் அழுத்தி எடுப்பது.

மரச் சீவல் இருக்கும் இடத்தில் சக்கையையும் உமியையும் வைக்க முடியாதா? முடியும். பல நாடுகளில் செய்து விற்றிருக்கிறார்கள், இந்தியாவிலும்தான். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்து வெகுகாலமாகிறது. சிக்கல் முழுவதும் களத்துமேட்டிலிருந்து ஆலை வாசல் வரையுள்ள தூரத்தில் இருக்கிறது.

பசையும் துகளும்

துகள் பலகை செய்முறை கேட்க எளிது. மூலப்பொருளைச் சீவித் துகளாக்க வேண்டும். ஈரத்தை 5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். துகளின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பசையும், தண்ணீரைத் தடுக்கக் கொஞ்சம் மெழுகும் சேர்க்க வேண்டும். மேலும் கீழும் பொடித் துகள், நடுவில் பெரிய துகள் என்று மூன்று அடுக்காகப் பரப்பி, 160 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடங்கள் அழுத்தினால் பலகை.

இந்த வேலைக்கு மரம் ஒத்துழைக்கும். பயிர்க் கழிவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கும்.

கரும்புச் சக்கையில் நாரோடு கூடவே, பஞ்சு போன்ற உட்சோறு கால் பங்குக்கு மேல் இருக்கிறது. கடலை உருண்டைக்குக் காய்ச்சிய பாகில் மாவு விழுந்துவிட்டால் பாகையெல்லாம் மாவே குடித்துவிடுமே, அதே வேலையை இந்தச் சோறு செய்கிறது. பசை முழுவதும் அதற்குள் போய்விடும். நாரும் நாரும் ஒட்டாது. ஆகவே சோற்றைப் பிரித்து நீக்குவதுதான் முதல் வேலை.

நெல் உமிக்கும் வைக்கோலுக்கும் வேறு குணம். வெளித்தோலில் மெழுகு, அதன் கீழே மணலின் சாரமான சிலிக்கா. மரத்தை எரித்தால் எடையில் ஒரு விழுக்காடுகூடச் சாம்பல் தேறாது. உமியில் 15 முதல் 20 விழுக்காடு வரை தேறும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. இது சீவும் கத்திகளைத் தேய்த்துவிடும். பலகைத் தொழிலில் வழக்கமாகப் புழங்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இந்த மெழுகுத் தோலில் சரியாகப் பிடிக்காது.

பிடிக்கிற பசை ஒன்று உண்டு. ஐசோசயனேட் வகையைச் சேர்ந்தது, சுருக்கமாக எம்.டி.ஐ. உமி, வைக்கோல் இரண்டிலும் நன்றாக ஒட்டும், குறைந்த அளவே போதும், ஃபார்மால்டிஹைடு இல்லை. ஆனால் விலை கூடுதல். அழுத்தும் இயந்திரத்தின் உலோகத் தட்டிலும் அதே வேகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தட்டுக்கெனத் தனிப் பூச்சு வேண்டும். அதன் ஆவி நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

உலகம் பார்த்த பாடம்

மரத்தைத் துகளாக்கிப் பலகை செய்யும் தொழில், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் மரத் தட்டுப்பாட்டில் பிறந்தது. சக்கைப் பலகை அதைவிட மூத்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நியூ ஆர்லியன்ஸ் அருகே மரேரோ என்ற ஊரில், 1920-களின் தொடக்கத்திலேயே செலோடெக்ஸ் நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து சூடு தடுக்கும் பலகைகளைச் செய்து விற்றது.

அங்கேயே முதல் எச்சரிக்கை மணியும் அடித்தது. கரும்பு அரவை ஆண்டில் சில மாதங்கள்தான். பலகை ஆலையோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். சக்கையைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்தார்கள். அடுக்கிய சக்கை உள்ளே சூடாகிப் பூசணம் பிடித்தது. கட்டுகளைப் பிரித்த தொழிலாளர்களுக்கு மூச்சுத் திணறலும் காய்ச்சலும் வந்தன. 1941-ல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர்கள் இந்த நுரையீரல் நோயை விவரித்தார்கள். சக்கையின் ஆங்கிலப் பெயரான பகாஸையே தாங்கி, பகாஸோசிஸ் என்று அது மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. பின்னாளில் சக்கையைக் கழுவி ஈரமாகவே குவித்து வைக்கும் முறையும், பூசணத்தைத் தடுக்கும் புரோபியானிக் அமிலத் தெளிப்பும் வந்தது இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

பெல்ஜியத்தின் கதை வேறு. அங்கே லினன் துணிக்காக ஆளிச் செடி வளர்க்கிறார்கள். தண்டை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் கட்டைத் துணுக்குகளிலிருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பலகை செய்யத் தொடங்கினார்கள். அது பல பத்தாண்டுகள் நிலைத்த தொழிலானது. கதவுகளின் உட்பலகையாக இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. காரணத்தைப் பாருங்கள்: அந்தத் துணுக்கு நாரடிக்கும் ஆலையிலேயே குவிகிறது, காய்ந்த நிலையில் கிடைக்கிறது, ஏற்கெனவே துகள் அளவில் இருக்கிறது. சேகரிக்க, உலர்த்த, சீவத் தனிச் செலவில்லை.

காடு குறைந்த வங்கதேசத்தில் சணல் குச்சியிலிருந்து பலகை வந்ததும், காடே இல்லாத எகிப்தில் நாக் ஹமாதி ஊரில் கரும்புச் சக்கையிலிருந்து ஃபைபர் போர்டு எனும் நார்ப் பலகை வந்ததும் இதே தர்க்கத்தில்தான். மரம் அரிது; மாற்றுப் பொருளோ ஒரே இடத்தில் குவிகிறது.

கூடலூர் காட்டிலிருந்து டெல்லி வரை

இந்தியாவில் இந்தத் தேடலுக்கு நீதிமன்றமும் அரசும் சேர்ந்து வேகம் கொடுத்தன. மத்திய பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்தத் தடை போட்டது. 2020-ல்தான் அது விலகியது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிவதை எதிர்த்து டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால ஆணை நாடு முழுவதும் மரத் தொழிலைக் குலுக்கியது. மரம் அறுக்கும் ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

மாற்றுப் பலகைக்குக் கதவு திறந்த காலம் அது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், கரும்புக் காடுகளுக்கு நடுவே வேலாப்பூரில் ஈகோபோர்டு நிறுவனம் சக்கைப் பலகை செய்தது. மும்பையில் உள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிர்காட், பருத்திமாரிலிருந்து துகள் பலகை செய்யும் முறையைச் செய்து காட்டியது. பருத்திமார் மரத்துக்கு நெருங்கிய உறவு. தண்டு கட்டையாக இருப்பதால் பலகைக்கு நன்றாகவே பொருந்தும். அதை வயலிலிருந்து அகற்றுவதால் விவசாயிக்கு இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த பருவம் வரை இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒளிந்திருக்கும் இடம் காய்ந்த மாரும் அதில் ஒட்டிய வெடிக்காத காயும்தான்.

தரக் கட்டுப்பாட்டு விதியும் தடையாக இல்லை. துகள் பலகைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3087, தன் தலைப்பிலேயே ‘மரம் மற்றும் பிற லிக்னோசெல்லுலோஸ் பொருட்கள்’ என்று சொல்லிப் பயிர் நாருக்கும் இடம் தருகிறது. ஜி.எஸ்.டி.யிலும் சக்கை, உமி, பருத்திமார் பலகைகளுக்கு மரத்துகள் பலகையைவிடக் குறைந்த வரிதான்.

விதி தயார், நுட்பம் தயார், வரிச் சலுகையும் தயார். பிறகு ஏன் கடைக்குக் கடை சக்கைப் பலகை இல்லை?

கொதிகலன் கேட்கும் விலை

ஒரு சின்னக் கணக்கு. எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள துகள் பலகை சுமார் 36 கிலோ இருக்கும். பசையைக் கழித்தால் நார் 32 கிலோ. ஆலையில் விழும் சக்கையில் பாதி ஈரம். மீதியில் சோறு போக நார் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு பலகைக்குச் சுமார் 90 கிலோ ஈரச் சக்கை வேண்டும். அதாவது 300 கிலோ கரும்பை அரைத்தால் வருவது. அரைக்கும் ஆலைக்கு இது ஒரு பொருட்டே இல்லாத அளவு.

ஆனால் அந்தச் சக்கைக்கு ஆலைக்குள்ளேயே ஓர் எசமான் உண்டு: கொதிகலன். ஒரு டன் சக்கையை எரித்தால் 2 டன்னுக்கு மேல் நீராவி கிடைக்கும். அதில்தான் ஆலை ஓடுகிறது. முன்பெல்லாம் தேவைக்கு மேல் சக்கை தேங்கிக் கிடந்தது. ஆலைகள் இணை மின் உற்பத்தி தொடங்கி, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க ஆரம்பித்த பிறகு தேங்குவது நின்றது. இப்போது சக்கைக்கு விலை வைப்பது நிலக்கரி. கரி விலை ஏறினால் சக்கை விலையும் கூடவே ஏறும்.

கொதிகலனின் இந்தப் போட்டியை முன்பே எதிர்கொண்டு வழி கண்டது நம் கரூர் மாவட்டக் காகிதபுரம். 1979-ல் தொடங்கப்பட்டு 1984-ல் உற்பத்திக்கு வந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், டி.என்.பி.எல்., கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக நம்பி எழுந்தது. சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு, அவற்றின் கொதிகலனுக்கு ஈடாக நீராவியோ நிலக்கரியோ கொடுக்கும் ஒப்பந்தத்தை அது செய்துகொண்டது. பிரித்த சோறு கொதிகலனுக்கு, நார் காகிதத்துக்கு. மலைபோலக் குவித்து, ஈரம் காத்துச் சேமிக்கும் முறையும் அங்கே வழக்கமானது. காகிதத்துக்குச் செய்த இந்த ஏற்பாடு பலகைக்கும் அப்படியே பொருந்தும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2011-12 பருவத்தில் தமிழ்நாட்டில் 23 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தியானது. தொடர் வறட்சியில் 2017-18-ல் அது 7 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. கரும்பு இல்லையென்றால் சக்கையும் இல்லை. ஒரே பயிரை நம்பிக் கடன் வாங்கிய பலகை ஆலை அந்த ஆண்டுகளைத் தாண்டியிருக்குமா?

இருபது நாள் வைக்கோல்

வைக்கோலை வயலிலேயே எரிப்பதால் எழும் பஞ்சாப் புகை ஒவ்வோர் அக்டோபரிலும் செய்தியாகிறது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் அங்கே மிஞ்சுகிறது. அதையெல்லாம் பலகையாக்கலாமே என்ற யோசனை மேடைக்கு மேடை ஒலிக்கிறது.

நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நாற்று நடவைத் தள்ளிப்போட்டது. அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுத்ததற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையில் விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள். அதற்குள் மாநிலம் முழுவதும் பேலர் இயந்திரங்கள் ஓடி, உருளையாகக் கட்டி, ஏற்றி, மழை படாத இடத்தில் அடுக்கி, அடுத்த அறுவடை வரை தீப்பிடிக்காமல் காக்க வேண்டும். வைக்கோல் எடை குறைந்த சரக்கு. லாரி நிறைந்துவிடும், எடை ஏறாது. தூரம் கூடக் கூட டீசல் செலவு வைக்கோலின் விலையைத் தாண்டிவிடும்.

பணக்கார நாட்டிலும் இது எளிதாக இல்லை. கலிஃபோர்னியா 1991-லேயே வைக்கோல் எரிப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டது. அங்கே வில்லோஸ் நகரில், நெல் வைக்கோலிலிருந்து எம்.டி.எஃப். எனும் நார்ப் பலகை செய்ய கால்பிளான்ட் என்ற நிறுவனம் பெரும் கடனில் ஆலை கட்டியது. எம்.டி.ஐ. பசை, புதிய இயந்திரம், சுற்றிலும் நெல் வயல் என்று எல்லாம் இருந்தன. உற்பத்தி சூடுபிடிக்கும் முன்பே, 2021 அக்டோபரில் அது திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்துக்குப் போனது. சீனாவில் வான்ஹுவா குழுமம் இதே பசையைக் கொண்டு வைக்கோல் பலகை செய்து ஃபர்னிச்சர் சந்தையில் விற்கிறது. அந்தக் குழுமம் எம்.டி.ஐ. பசையைத் தானே தயாரிக்கும் உலகப் பெருநிறுவனங்களில் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவு கூடிய சரக்கு அவர்கள் வீட்டுச் சரக்கு.

தமிழ்நாட்டில் வைக்கோலை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே சரியில்லை. இங்கே அதற்கு மாடு காத்திருக்கிறது. டெல்டாவில் கட்டும் வைக்கோல் கேரளம் வரை தீவனமாகப் போகிறது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிப் பலகை செய்தால் பால் விலை ஏறும்.

பசை வேண்டாத மட்டை

தமிழ்நாட்டுக்குப் பொருத்தமான இன்னொரு பொருள் தேங்காய் மட்டை. மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் இதில் மிக அதிகம். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2000-களின் நடுவில் ஒரு வழியை வெளியிட்டார்கள். மட்டையை நாராகவும் கழிவாகவும் பிரிக்காமல் முழுசாக அரைத்து, உலர்த்தி, உயர் சூட்டில் அழுத்தினால், அதிலிருக்கும் லிக்னினே இளகிப் பரவி, இறுகிப் பசையாகிவிடுகிறது. வெளியிலிருந்து பசை எதுவும் வேண்டாம். பலகை வலுவானது. ஆனால் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அலமாரியைவிடத் தரைக்கும் சரக்கு ஏற்றும் பேலட்டுக்கும் பொருந்தும்.

பொள்ளாச்சி, பேராவூரணி வட்டாரங்களில் மட்டை ஏற்கெனவே கயிறுத் தொழிற்கூடங்களில் குவிகிறது. பெல்ஜிய ஆளித் தண்டுக்கு இருந்த அதே சாதகம். ஆனால் இங்கும் போட்டி முளைத்துவிட்டது. ஒரு காலத்தில் சாலையோரம் கொட்டிக் கிடந்த நார்க்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு மண்ணில்லா விவசாயத்துக்காகக் கப்பலேறுகிறது. இந்தியக் கயிறுப் பொருள் ஏற்றுமதியில் மதிப்பில் முதலிடம் அதற்குத்தான். யாரும் சீந்தாதவரை எந்தக் கழிவும் இலவசம். ஒருவர் கேட்டுப் போன மறுநாளே அதற்கு விலை வந்துவிடுகிறது. திட்ட அறிக்கைகளில் ‘மூலப்பொருள் செலவு குறைவு’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

காடு பிழைக்குமா?

மாற்றுப் பலகை விளம்பரங்கள் எல்லாம் காட்டைக் காப்பதாகச் சொல்கின்றன. இதில் பாதிதான் உண்மை. இந்தியாவில் பலகை ஆலைகளுக்குப் போகும் மரத்தின் பெரும்பகுதி இன்று காட்டிலிருந்து வரவில்லை. ஹரியாணாவில் யமுனா நகரின் பாப்லர், கேரளத்தின் ரப்பர், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பரப்பிய மலைவேம்பு என்று விவசாயி நட்ட மரம்தான் போகிறது. அந்த மரத்துக்குச் சந்தை குறைந்தால், நட்டவருக்குத்தான் நட்டம். கொதிகலனிலிருந்து சக்கையைப் பறித்தால் அங்கே நிலக்கரி எரியும்.

அப்படியானால் லாபம் என்ன? பலகைத் தேவை ஆண்டுதோறும் வளர்கிறது. நட்ட மரம் அதே வேகத்தில் வளராது. அந்த இடைவெளியை இறக்குமதி நிரப்புவதற்குப் பதில் பயிர் நார் நிரப்பலாம். வயலில் எரியும் பருத்திமார் எரியாமல், அதிலுள்ள கார்பன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அலமாரியில் தங்கும். ஃபார்மால்டிஹைடு இல்லாத பசைக்கு மாறும் வாய்ப்பும் உண்டு. 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது ஃபார்மால்டிஹைடை. மூடிய ஏ.சி. அறைகளில் வாழும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வாங்கும்போது கவனிக்க

* சக்கைப் பலகையோ மரத்துகள் பலகையோ, ஐ.எஸ். 3087 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘எகோ’ என்ற பெயர் தரச் சான்றாகாது.
* ஃபார்மால்டிஹைடு வெளியேற்றம் எந்த வகுப்பு என்று கேளுங்கள். இ-1, இ-0 என்று குறித்திருப்பார்கள், இ-0 குறைவானது.
* ஓரங்கள் நான்கிலும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் ஏறுவது அறுத்த ஓரத்தின் வழியாகத்தான். சிங்க்கின் அடியில் எந்தத் துகள் பலகையும் வேண்டாம்.
* ஒரே துளையில் ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் பிடிமானம் போய்விடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

எங்கே தொடங்கலாம்?

உலக அனுபவம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நார் தானாக வந்து குவியும் இடத்தில் ஆலையை வை. வயல் வயலாகப் போய்ப் பொறுக்கும் திட்டங்கள் தடுமாறியிருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடம் சர்க்கரை ஆலையின் முற்றம். அங்கே சக்கையைப் பிரித்து, சோற்றைக் கொதிகலனுக்கும் நாரைப் பலகைக்கும் அனுப்பலாம். சக்கை குறையும் பருவத்தில் பக்கத்து ஊர்ப் பருத்திமாரையோ சவுக்குச் சிம்பையோ அதே இயந்திரத்தில் ஓட்டும் வகையில் கலப்பு ஆலையாக அமைத்தால், ஒரு பயிர் பொய்த்தாலும் கதவு மூடாது. நார் விலையை நிலக்கரி விலையோடு பிணைத்து, பத்தாண்டு ஒப்பந்தம் போடலாம். அரவை குறைந்து கடனில் தவிக்கும் கூட்டுறவு ஆலைகளுக்கு இது இரண்டாவது வருமானம். பள்ளி மேசையும் அலுவலக அலமாரியும் வாங்கும் அரசே முதல் வாடிக்கையாளராக முன்வந்தால் ஆலைக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்காது.

இனி யாராவது ‘கழிவிலிருந்து பலகை’ என்று பல கோடி ரூபாய்த் திட்டத்தை மேடையில் அறிவித்தால், இயந்திரம் எந்த நாட்டுடையது என்று கேட்க வேண்டாம். அதை ஜெர்மனியிலும் வாங்கலாம், சீனாவிலும் வாங்கலாம். அறுவடை முடிந்த பிறகு பத்து மாதங்கள் நாரை எங்கே வைப்பீர்கள், இப்போது அதை வைத்திருப்பவருக்கு என்ன விலை கொடுப்பீர்கள், மழை பொய்த்த ஆண்டில் எதை அரைப்பீர்கள் என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வைத்திருக்கும் திட்டத்துக்கு மட்டும் மானியம் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தால், வருகிற ஆலைகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். ஆனால் வருகிறவை மூடாமல் ஓடும்.